கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. அக்டோபரில் மட்டும் மழையால் கூட முடியவில்லை. தெருவிளக்கு, கால்வாய் தூர்வாருதல் இரண்டுக்கும் மனு கொடுத்தோம். விளக்கு எரிகிறது, கால்வாய் வேலை பாதியில் நிற்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கு வேறொன்றுக்குப் போனது. 2023 டிசம்பர் 26 இரவை எண்ணூரில் யாரும் மறந்திருக்க முடியாது. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், உர ஆலைக்காகக் கடலுக்கடியில் போகும் அமோனியாக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசலருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறகு அறிவித்தது. இருக்கலாம் என்று விதித்த அளவு 400.

அன்றிரவு எனக்கு வந்த முதல் போனில் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கேட்டார்: "கதவைச் சாத்திக்கினு உள்ளயே இருக்கறதா, இல்ல ஓடறதா?" எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடம் ஆலைகளுக்கு நடுவில் வாழ்ந்தும், சங்கப் பொறுப்பில் இருந்தும், அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சென்ற பொதுக்குழுவில் இதைச் சொன்னபோது நாம் எடுத்த முடிவுதான் இந்த ஆண்டின் வேலை: அடுத்த முறை யாரும் அந்தக் கேள்வியைப் போனில் கேட்கும் நிலை வரக்கூடாது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தோம். வேதிப்பொருள் விபத்துகளுக்கான அவசரகாலத் திட்டம், ஆயத்தம் பற்றிய விதிகள் 1996-லேயே வந்துவிட்டன. 1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த விதிகள் அவை. ஆபத்தான ஆலைகள் உள்ள பகுதியில் உள்ளூர் நெருக்கடிக் குழு ஒன்று இருக்க வேண்டும், அது மாதம் ஒரு முறை கூட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழு அளவில் ஒத்திகை நடத்த வேண்டும், கேட்கும் பொதுமக்களுக்குத் தகவல் தர வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. கூட்டத்தில் இதை வாசித்தபோது பலரும் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். இப்படி ஒரு உரிமை நமக்கு இருப்பதே பலருக்கும் புதுச் செய்தி. கடைசியாக ஒத்திகை நடந்தது எப்போது, நம் பகுதிக்கான திட்டம் எங்கே என்று கேட்டு மனு எழுதினோம். பதில் வரவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டாவது முறை எழுதியிருக்கிறோம்.

தெரியாமல் இருப்பது நமக்குப் புதிதல்ல. மணலியில் ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடந்ததை நம்மில் பெரும்பாலோர் 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் பத்திரிகையில் படித்தோம். அந்தச் சரக்கு பறிமுதலானது 2015-இல். பெய்ரூட் வெடிப்புக்கு அப்புறம்தான், சில நாட்களுக்குள் அதை ஐதராபாத்துக்குக் கொண்டுபோனார்கள். நாட்கணக்கில் முடிகிற வேலை ஐந்து வருடம் நம் பக்கத்தில் காத்திருந்திருக்கிறது.

டிசம்பர் 2-ஆம் தேதி மாலை, போபால் விபத்தின் நாற்பதாவது ஆண்டு நினைவுக் கூட்டம் நடத்தினோம். அன்று பேசிய விஷயங்களில் ஒன்று என்னை விட்டு இன்னும் போகவில்லை. போபாலில் கசிந்த வாயு தண்ணீரோடு வினைபுரியக்கூடியது. முகத்தில் ஒரு ஈரத்துணியைப் போர்த்தியிருந்தாலே எத்தனையோ பேருக்குப் பாதிப்பு குறைந்திருக்கும். அதை ஊருக்கு முன்கூட்டியே சொல்ல யாரும் இல்லை. அமோனியாவும் தண்ணீரில் நன்றாகக் கரைவதுதான். ஆகவே நமக்கும் ஈரத்துணிதான் முதல் ஆயுதம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு படம் வரைந்து காற்றின் திசையை விளக்க ஏற்பாடு செய்திருந்தோம். குப்பத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "காத்து எங்கேர்ந்து வருதுன்னு எங்களுக்கா சொல்லித் தர்றீங்க?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். படத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரையே பேசச் சொன்னோம். வாடை எப்போது அடிக்கும், கொண்டல் எப்போது, கச்சான் எப்போது திரும்பும், ராத்திரி எந்நேரத்துக்குக் காற்று கரையிலிருந்து கடலுக்கு மாறும் என்று அரைமணி நேரம் சொன்னார். எந்த மாதத்தில் எந்தப் பக்கமிருந்து நாற்றம் வந்தால் எந்தத் தெரு வழியாக விலகுவது என்பதை அவர் சொல்லச் சொல்ல இளைஞர்கள் குறித்துக்கொண்டார்கள். வாயு கசிந்தால் என்ன செய்வது என்று வீடுகளுக்காக நாம் தயாரித்த கைத்தாளின் மிகப் பயனுள்ள பகுதி அவர் கொடுத்தது.

அந்தத் தாள் இப்போது உறுப்பினர் வீடுகள் எல்லாவற்றிலும் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. ஒட்டாதவர்கள் இன்று மேசையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உள்ளது இவ்வளவுதான்: வாயு ஏற்கெனவே வாசலில் நிற்கிறது என்றால் வெளியே ஓட வேண்டாம். ஜன்னலைச் சாத்தி, ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டையும் அணைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி திணியுங்கள். தகர வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இடுக்குகளை அடைக்க முடியாது. அவர்கள் போய்ச் சேர வேண்டிய மாடி வீடு எது என்று தெருவாரியாகப் பேசி வைத்திருக்கிறோம். வெளியேற வேண்டி வந்தால் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொண்டு, காற்று போகும் திசையில் ஓடாமல், காற்றுக்குக் குறுக்காக நடந்து விலகுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. ஈரத்துணி, நாம் விலகிப் போகிற அந்தச் சில நிமிடங்களுக்குத்தான். அதைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்.

அடுத்தது வீட்டுக்குள் இருக்கும் நஞ்சு. "ஆலைக்காரனைக் கேள்வி கேக்கறோம் சரி, நாம குப்பைத் தொட்டியில என்னா போடறோம்?" என்று மகளிர் அணியிலிருந்து வந்த கேள்வியில் தொடங்கியது இது. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், சி.எஃப்.எல். பல்பு, காலாவதியான மருந்து, உடைந்த தெர்மாமீட்டர், பேட்டரி, ஊசி எல்லாவற்றையும் வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. அவற்றை வாங்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தன. நாம் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் பெட்டி வைத்து வாங்க ஆரம்பித்தோம்.

செல்போனும் சார்ஜரும் குவியும் என்று நினைத்திருந்தேன். வந்தது வேறு. கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த ஆசிட், தண்ணீர் பாட்டிலில் தின்னர், பெயர் எழுதாத பொட்டலத்தில் எலி மருந்து. குழந்தைகள் உள்ள வீடுகளில், கைக்கெட்டும் உயரத்தில் இருந்தவை இவை. ஆசிட் விற்பனைக்குப் பதிவேடும் அடையாளச் சான்றும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் கழிவறை கழுவுகிற ஆசிட் இன்னமும் சைக்கிளில் வந்து கேட்டவருக்கெல்லாம் கிடைக்கிறது.

நம் உறுப்பினர் ஒருவரின் வீட்டில் நடந்ததை அவர் அனுமதியோடு சொல்கிறேன். கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றிய தரையில் பிளீச்சிங் பவுடரையும் தூவியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் கழிவறை, சாத்திய ஜன்னல். அந்த அம்மா இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தார். பிழைத்துக்கொண்டார், இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறார். ஆலையில் நடந்தால் அதை வாயுக் கசிவு என்கிறோம். வீட்டில் நடந்ததும் அதேதான். இதற்குப் பிறகு மகளிர் அணி வீடு வீடாகப் போய்ச் சொன்ன ஒரே செய்தி: ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் சேர்க்காதீர்கள், எதையும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

இன்னொரு வீட்டில் பழைய தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் சிதறியது. துடைப்பம் எடுப்பதற்கு முன் எனக்குப் போன் செய்தார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் மணிகள் இன்னும் பொடியாகி இண்டு இடுக்கெல்லாம் போய்விடும். ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பி, தங்க வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு (பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்), கெட்டி அட்டையால் உருட்டிச் சேர்த்தோம். டார்ச் அடித்தால் மிச்ச மணிகள் மின்னும். அவற்றை ஒட்டு டேப்பால் எடுத்து, எல்லாவற்றையும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடினோம்.

காயலான் கடை விஷயத்தில் நாம் செய்த தவறையும் சொல்ல வேண்டும். செம்புக்காக அங்கே ஒயரைக் கொளுத்துகிறார்கள் என்று புகார் வந்ததும் கூட்டமாகப் போய்ச் சண்டை போட்டோம். மறுநாளிலிருந்து அவர்கள் ராத்திரியில் கொளுத்தினார்கள். அப்புறம் இரண்டு பேர் மட்டும் போய் உட்கார்ந்து பேசினோம். ஒயரின் மேல்தோல் எரியும் புகை முதலில் போவது கொளுத்துகிற பையனின் நெஞ்சுக்குள்தான் என்பதை அந்தக் கடைக்காரர் நின்று கேட்டார். இப்போது தோலுரிக்கும் கருவி ஒன்றை வாங்கியிருக்கிறார். டியூப்லைட்டை உடைப்பதும் நின்றிருக்கிறது. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம்தான், ஆனால் அவர் கடையில் உடைந்தவை கொஞ்சமல்ல. நம் தூய்மைப் பணியாளர்களின் கை கிழிவதும் குறைந்திருப்பதாக அவர்களே சொல்கிறார்கள்.

சேர்த்ததை என்ன செய்தோம்? மின்னணுப் பொருட்களை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கினோம். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடச் சொல்கிறோம். மற்றதில்தான் சிக்கல். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் அபாயக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் நிலையம் இருக்கிறது. ஆனால் ஒரு தெருச் சங்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே போய்க் கொடுக்க முடியாது. எடுத்துப்போக வருவதாகச் சொன்ன வண்டி இரண்டு முறை வரவில்லை.

2025 ஜனவரியில் போபால் ஆலையில் நாற்பது ஆண்டுகளாகக் கிடந்த 337 டன் கழிவை அதே மத்தியப் பிரதேசத்தில் உள்ள பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். பீதம்பூர் மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். அந்தச் செய்தியைச் செயற்குழுவில் நெடுநேரம் பேசினோம். நாம் பெட்டியில் கட்டி அனுப்புவதும் ஏதோ ஓர் ஊரின் வாசலுக்குத்தான் போகிறது. நம் வாசலில் வேண்டாம் என்று சொல்கிற நாமே இன்னொருவர் வாசலை நிரப்பக் கூடாது. எனவே வரும் ஆண்டில் சேகரிப்பதைவிட வாங்குவதைக் குறைப்பதற்கு முதலிடம் தர வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது: பாதரசத் தெர்மாமீட்டருக்குப் பதில் டிஜிட்டல், டியூப்லைட்டுக்குப் பதில் எல்.இ.டி., பெயின்டை மீதியாகாத அளவுக்கு மட்டும் வாங்குவது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாமே தெரு அளவில் ஒத்திகை நடத்துவது. முதல் ஒத்திகை வாடைக்காற்று தொடங்குவதற்கு முன் முடிய வேண்டும். இவற்றைத் தீர்மானமாக ஏற்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமைகளில் கையுறை போட்டுக்கொண்டு நின்ற பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், மகளிர் அணிக்கும், காற்றைச் சொல்லித் தந்த பெரியவருக்கும் சங்கத்தின் நன்றி.

வண்டி வரும்வரை டியூப்லைட்டுகளும் அந்தப் பாதரசப் பாட்டிலும் சமுதாயக் கூடத்தின் இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கின்றன. சாவி துணைச் செயலாளரிடம் இருக்கிறது.