பச்சையோடு ஒரு மல்லுக்கட்டு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டுவலி குறைந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே அம்மா சுகம். மகள் திருவனந்தபுரத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், சனிக்கிழமை ஆனால் ரயிலேறி வந்துவிடுகிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நீ கேட்ட சங்கதிக்கு வருகிறேன். ஆமாம், பெயிண்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது உண்மைதான். எண்ணெய் வண்ணம். போட்டோவைப் பார்த்து வீட்டில் வரைவதில்லை. இடத்துக்கே போய் நின்று, கண்ணில் படுவதை அங்கேயே வரைந்து முடிப்பது. வெள்ளைக்காரர்களுக்கே இது பெரிதாகப் பழக்கமானது 1841க்குப் பிறகுதான். அந்த வருடம் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், பிதுக்கி எடுக்கும் தகர ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி வைத்திருந்தார்களாம். அதைத் தூக்கிக்கொண்டு யார் வயலுக்குப் போவது?

நம் பக்கத்திலும் ஆள் இருந்திருக்கிறார். ரவி வர்மாவை எல்லாருக்கும் தெரியும். அவருடைய தம்பி ராஜ ராஜ வர்மாவுக்கு நிலக்காட்சியில்தான் மனம். அண்ணன் படங்களின் பின்னணியிலும் அவர் கை உண்டு. ஆனால் காலண்டரில் வந்ததெல்லாம் அண்ணனின் தெய்வங்கள்தான், என்ன செய்ய.

வெளிநாட்டுப் பாடங்களில், ஒரே வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் வரையலாம் என்பார்கள். அங்கே சூரியன் சரிவாக மெல்ல ஏறும், மஞ்சள் வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். நம் கன்னியாகுமரி மாவட்டம் இருப்பது எட்டாவது அட்சரேகையில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேராக மேலே போய்விடுகிறது. தேரூர் குளக்கரையில் ஆறரைக்கு நின்றால் மலை மடிப்பு ஒவ்வொன்றும் நிழலோடு தெரியும். எட்டரைக்குள் அந்த மடிப்புகள் மூடிக்கொண்டு, மலை தட்டையாக ஒரு நீலத் துணி போல நிற்கும். அதனால் வரைகிற கேன்வாஸ் துணியைச் சிறிதாக்கிவிட்டேன், எட்டுக்குப் பத்து அங்குலம். போனதும் நிழல் எங்கெங்கே விழுகிறது என்பதை ஒரே வண்ணத்தில் குறித்துவிடுவேன். பிறகு வெயில் எவ்வளவு நகர்ந்தாலும் குறித்த நிழலை மாற்றுவதில்லை. மாற்றிக்கொண்டே போனால் படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும்.

ஆனால் வெளிச்சம்கூடப் பரவாயில்லை மக்கா. உண்மையான மல்லுக்கட்டு பச்சையோடுதான். நம் ஊரில் எது பச்சை இல்லை சொல்லு? ஏலாவில் நெல், வரப்பில் தென்னை, அதற்குப் பின்னால் வாழை, அப்புறம் பலா, அயனி, ரப்பர், மேலே காடு. ட்யூபில் வரும் பச்சையை அப்படியே வைத்தால் பிளாஸ்டிக் குடம் மாதிரி பளபளக்கும். நான் பச்சை ட்யூப் வாங்குவதையே விட்டுவிட்டேன். அல்ட்ராமரின் நீலத்தோடு மஞ்சள் காவியைச் சேர்த்தால் பலா இலையின் இருண்ட பச்சை வருகிறது. எலுமிச்சை மஞ்சள் சேர்த்தால் நாற்று. எந்தப் பச்சை ஆனாலும் கடைசியில் ஒரு பொட்டு சிவப்பு விட வேண்டும், அப்போதுதான் அது அடங்கும். துணி முழுக்க முதலிலேயே செங்காவி பூசிக் காயவைத்துக்கொள்கிறேன். இலைகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு அங்கங்கே எட்டிப்பார்க்கும். நம் மண்ணும் அந்த நிறம்தானே, பொருந்திப்போகிறது.

வெள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்காலத்தில் ஓவியர்கள் ஈய வெள்ளை வைத்திருந்தார்கள், அது விஷம். இப்போது டைட்டானியம் வெள்ளை. அந்த டைட்டானியம் எதிலிருந்து வருகிறது தெரியுமா? இல்மனைட் மணலிலிருந்து. நம் மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பாகக் கிடக்கிறதே, அதில் இருப்பது அதுதான். அதே மணலில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாதுவும் கிடைக்கிறதென்று 1909இல் ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடித்ததிலிருந்து அந்த மணலுக்குப் பேச்சு, பேரம், சண்டை எல்லாம் உண்டு. கறுப்பு மணல் எங்கேயோ போய் வெள்ளையாகி, காசு கொடுத்து வாங்கும் ட்யூபாக என் கைக்கு வருகிறது. அந்தக் கரையில் நின்று அந்த வெள்ளையாலேயே நுரை தீட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

கடற்கரையில் இன்னொரு தொல்லை, எண்ணெய் உலராது. அது தண்ணீர் மாதிரி ஆவியாகிப் போவதில்லை. வண்ணத்தைக் குழைத்திருக்கும் ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக் கெட்டியாக நாட்கணக்காகும். முட்டத்தில் வீசும் மணல் முழுக்க ஈரப் படத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடியில் போவதே வீண். காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று என் மூன்று கால் ஸ்டாண்டையா விட்டுவைக்கும்? நடுவில் பையைக் கட்டி உள்ளே கல்லைப் போட்டாலும் ஆடுகிறது. ஒரு எச்சரிக்கையும்: எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடு, இல்லாவிட்டால் தண்ணீரில் போடு.

வேடிக்கை பார்க்க வருபவர்கள் குறைவில்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அடியில் ஒரு பெரியவர் சாயா கிளாசோடு வெகுநேரம் பின்னால் நின்றார். அந்தப் பாலம் 115 அடி உயரம், என் துணியோ ஒரு சாண். கடைசியில், தூணைப் பாராட்டுகிற மாதிரி, “தூணு கொள்ளாம், தண்ணி எங்க?” என்றார். தண்ணீர் பாலத்துக்கு மேலே தொட்டியில் ஓடுகிறது, கீழிருந்து தெரியாது. ஆனாலும் கேள்வி நியாயமானது, மேலே ஏறிப் போய் இன்னொரு படம் போட வேண்டும்.

நீ வருவதானால் தை கடைசியில் வா. குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்கள் இலை பழுத்து உதிர்த்து, செம்பு நிறத்தில் தளிர் விடும் நேரம். ரப்பர் பால் வெட்டுவதையும் நிறுத்தியிருப்பார்கள், தோட்டத்துக்குள் ஆளரவம் இருக்காது. வருடத்தில் அந்தச் சில வாரம்தான் நம் ஊர் எனக்குப் பச்சையிலிருந்து விடுமுறை தருகிறது. வரும்போது சென்னையில் கேட்மியம் சிவப்பு பெரிய ட்யூப் ஒன்றும், பன்றி மயிர் பிரஷ் தட்டையானது இரண்டும் வாங்கி வா. இங்கே கடையில் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காசு நேரில் தருகிறேன். உனக்கும் ஒரு ஸ்டாண்ட் இருக்கிறது, வரைய மாட்டேன் என்று சொன்னால் பையில் போடக் கல் பொறுக்கும் வேலை உனக்கு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி