27ஆம் திகதி காலை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்கு, "அதெல்லாம் இப்ப எதுக்கு மகள்" என்று சொல்லிக் கதையை மாற்றிவிட்டேன். அப்பா பக்கத்தில் இருந்தார். "உலகம் முடியும், ஆண்டவர் வருவார் என்று அந்தப் போதகர் சொன்ன நாள் வந்து போயிற்று, ஒன்றும் நடக்கல்ல. மறுகாவும் ஏனம்மா எட்டு மாதம் அந்தாள்ட கூட்டத்துக்கே போனீங்க?" என்றுதானே கேட்டாய். வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதுகிறேன்.

நாங்கள் ஏன் நம்பினோம் என்று நீ கேட்கவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை. நாவலடியில் பெரியம்மாவின் வீடு இருந்த இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு தேங்காய் திருவலை மட்டும். அதற்கு முந்தியும் ஒரு நாள் உண்டு. 1978 நவம்பர் 23 சூறாவளி அடித்தபோது எனக்குப் பத்து வயது. கூரை போன பிறகு அம்மம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "உலகம் முடியுது புள்ளயள்" என்று அழுதா. அதுவும் சொல்லாமல் வந்ததுதான். இப்படி ஓர் ஊரில் ஒருவர் வந்து, அடுத்தது இன்ன நாளில் வரும் என்று சொன்னால், கேட்பவளுக்குப் பயமா வரும்? எனக்கு ஆறுதலாக இருந்தது, மகள். நாள் தெரிந்தால் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாமே என்றுதான் யோசித்தேன்.

நம்முடைய மெதடிஸ்த கோவில் ஐயர் வீட்டுக்கே வந்து, "அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று வேதத்திலேயே இருக்கே அம்மா" என்று கேட்டார். நாளும் நாழிகையும்தான் தெரியாது, வருடமும் மாதமும் தெரியலாம் என்று எங்கள் ஜெப வீட்டுப் போதகர் சொல்லித் தந்திருந்ததை நான் அப்படியே ஒப்புவித்தேன். பிறகு அந்தப் போதகரே நாளையும் சொன்னார், 2005 டிசம்பர் 26 என்று. அப்போது இந்த வசனம் என் நினைவுக்கு வரவே இல்லை.

அந்த மாரிக்கு அப்பா மண்முனைத்துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனார். அப்போது அங்கே பாலம் இல்லை. உழுது போட்டிருந்த இரண்டு ஏக்கரையும் பார்த்துவிட்டு, விதைக்காமல் திரும்பி வந்தார். உன் பள்ளிக்கூட ஓ.எல். சோதனையும் அப்படித்தான் போயிற்று. அனுமதி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நீ வாசற்படியில் இருந்தாய். "அடுத்த மாதம் இந்தத் துண்டால என்ன பிரயோசனம்" என்று சொன்னது அப்பா இல்லை. நான்தான். இத்தனை வருடமாக நீ அதை அப்பாவின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். திருத்தாமல் இருந்ததும் நான்தான்.

நத்தார் இரவு உனக்கு நினைவிருக்கும். ஜெப வீட்டில் மூன்று நாள் உபவாசம். புளியந்தீவு மரியாள் பேராலயத்தில், நள்ளிரவுப் பூசையில் வைத்து எம்.பி. ஜோசப் பரராஜசிங்கம் ஐயாவைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. ஊரே உறைந்து போயிருந்த நேரம் நாங்கள், "பார்த்தீர்களா, அடையாளம்" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டோம். ஒரு மனிதர் பூசையில் செத்துக் கிடக்க, எங்களுக்கு அது கணக்குச் சரிவந்ததற்குச் சாட்சியாகப் பட்டது. மற்றதையெல்லாம் விட இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

26ஆம் திகதி பொழுது பட்டது. இரவும் போனது. 27ஆம் திகதி காலை வழக்கம்போலக் காகம் கத்தியது. வீட்டுக்கு வந்தோம். அரிசிப் பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன், ஞாபகமா? இனித் தேவையில்லை என்று. நீயும் தம்பியும் பசியில் சுருண்டு கிடந்தீர்கள்.

மகள், நான் இரண்டு கொத்து அரிசி ஒளித்து வைத்திருந்தேன். பழைய தலையணை உறைக்குள் கட்டி, தையல் மெஷினுக்குப் பின்னால். உன் சோதனையைக் கெடுத்த அதே கிழமைதான் அதையும் செய்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கை தன்பாட்டில் செய்தது. அன்றைக்கு நீங்கள் குடித்த கஞ்சி அந்த அரிசியில் காய்ச்சியதுதான்.

பின்னேரம் கூட்டத்தில் போதகர் அழுதார். "ஆண்டவர் பொய் சொல்லமாட்டார். உங்களில் யாரோ ஒரு ஆள் முழு மனதாக ஆயத்தப்படவில்லை" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. வானத்திலிருந்து வர இருந்ததை என் தலையணை உறை தடுத்துவிட்டது என்று நம்பினேன். சிரிக்காதே. அதனால்தான் எட்டு மாதம். அவர் சொன்னது பிழைத்தது என்று நான் நினைத்திருந்தால் அடுத்த நாளே எழும்பி வந்திருப்பேன். பிழை என்னுடையது என்று நினைத்தவள் எப்படி எழும்பி வருவாள்?

பிறகு பல வருடம் கழித்து, ஒரு செத்த வீட்டில், அந்தக் கூட்டத்துக்கு வந்த ஒரு அக்கா என் காதுக்குள் சொன்னா. நகையெல்லாம் அடைவு வைத்துக் காணிக்கை கொடுத்தவ அவ. ஆனால் அடைவுத் துண்டைக் கிழிக்காமல் அலுமாரிக்குள் வைத்திருந்தாவாம். "என்னாலதான்கா ஆண்டவர் வரல்ல" என்று அவவும் எட்டு மாதம் அழுதிருக்கிறா. இன்னும் எத்தனை வீட்டில் என்னென்ன ஒளிந்திருந்ததோ.

நீ போனில் அனுப்பியதை இரண்டு தரம் வாசித்தேன். கண்ணாடி மாற்ற வேண்டும், எழுத்து நெளிகிறது. 1954இல் சிக்காகோப் பக்கத்தில் டொரதி மார்ட்டின் என்ற அம்மாவும் அவவின் ஆட்களும் டிசம்பர் 21 வெள்ளம் வரும், பறக்கும் தட்டு வந்து தங்களை ஏற்றும் என்று இரவிரவாகக் காத்திருந்த கதை. ஒன்றும் வராமல் போக, விடியப்புறம், தங்கள் விசுவாசத்தால்தான் உலகம் தப்பியது என்று அவவுக்குச் செய்தி கிடைத்ததாம். உடனே பத்திரிகைக்காரருக்குப் போன் எடுத்தார்களாம். நம்பிக்கை பிழைத்தவர்கள் முன்னையைவிடக் கூடுதலாகப் பிரசங்கிப்பார்கள் என்று அதைவைத்து லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற படித்த மனிதர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். எங்கள் ஆட்கள் ஒரு துண்டுப்பிரசுரமும் கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கடன் அரிசிக்கு அலைந்தோம்.

எனக்குப் பிடித்தது 1844 கதைதான். வில்லியம் மில்லர் என்ற கமக்காரர் வேதத்தைக் கணக்குப் பார்த்து, ஆண்டவர் வரும் காலம் என்று முதலில் ஒரு வருடத்தைச் சொல்லி, அது தப்பி, பிறகு அவருடைய ஆட்கள் ஒக்டோபர் 22 என்று நாள் குறித்திருக்கிறார்கள். விளைந்ததை வயலிலேயே விட்டவர்களும் இருந்தார்களாம். அன்றிரவு விடியுமட்டும் அழுத ஹைரம் எட்சன் என்பவர், காலையில் சோளக்காட்டுக்குள்ளால் நடந்து போகும்போது, நாள் சரிதான், நடந்தது பூமியில் அல்ல, பரலோகத்தில் என்று கண்டுகொண்டாராம். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1863இல் அமைப்பாகிய ஏழாம் நாள் அட்வெந்து சபை. அந்த நடையை வாசிக்கும்போது எனக்கு அப்பாதான் கண்ணுக்குள் வந்தார், புல் மண்டின இரண்டு ஏக்கர் வரம்பில். ஆனால் அப்பாவுக்கு ஒரு வெளிச்சமும் கிடைக்கவில்லை. அடுத்த மாரிக்கு யாரையும் கேட்காமல் விதைநெல்லை ஊறப் போட்டார், அவ்வளவுதான். அந்த வெள்ளாமை சண்டைக்குள் அகப்பட்டது வேறு கதை. சாக்கு நனைந்து கிடந்த அன்று நான் கூட்டத்துக்குப் போகவில்லை. பிறகும் போகவில்லை.

போதகரைத் திட்டி நீ எழுதியிருந்தாய். 1992 ஒக்டோபர் 28 என்று கொரியாவில் நாள் குறித்தவர், அந்த நாளுக்குப் பிறகு முதிர்கிற பத்திரங்களை வாங்கி வைத்திருந்து அகப்பட்டார். எங்களுடையவர் அப்படிப்பட்டவர் இல்லை. 27ஆம் திகதி அவருடைய வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. கள்ளனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

உன் அனுமதி அட்டை என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. அடுத்த வருடம் எழுதி ஆறு ஏ எடுத்தாய், இருந்தாலும் முதல் அட்டையை எறிய மனம் வரவில்லை. வேண்டுமென்றால் சொல், கனடா வருகிற ஆரிடமாவது கொடுத்துவிடுகிறேன். வேண்டாமென்றாலும் சொல்.

அரிசிக் கதையை அப்பாவிடம் கதைத்துவிடாதே. இன்றுவரை நான் சொல்லவில்லை. ஆனால் அன்று காலை பேணி காலியாகக் கவிழ்ந்து கிடக்க, நான் கஞ்சிக் கோப்பையை நீட்டினேன். அரிசி எங்கால வந்தது என்று அந்த மனிசன் கேட்கவே இல்லை.

அன்புடன்,
அம்மா