பெயர் தெரியாத கிளாஸ்கோ அக்காவுக்கு

கிளாஸ்கோவில் நர்சிங் படித்தபோது, முதல் வார்டுப் பயிற்சியில் என்னைக் காப்பாற்றிய அந்த உதவியாளர் அக்காவுக்கு இந்த நன்றி. பேட்ஜ் எப்போதும் திரும்பியே தொங்கும், பெயரைக் கடைசிவரை படிக்க முடியவில்லை.

முதல் நாளே ஒரு பாட்டி 'ஸ்பெண்ட் எ பென்னி' பண்ணணும் என்றார். கடைக்குப் போக ஆசைப்படுகிறார் போல என்று நினைத்து, டிஸ்சார்ஜ் ஆனதும் போகலாம் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க, அக்கா கமோடு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து திரையை இழுத்துவிட்டார். அந்தக் காலத்தில் பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி காசு போட்டால்தான் திறக்குமாம், அதிலிருந்து வந்த பேச்சு. அப்புறம் 'பீலி வாலி' என்றால் முகம் வெளுத்திருப்பது. யாராவது அப்படிச் சொன்னால் சிரித்துக்கொண்டு நிற்காமல் பிபி பார் என்றார்.

டீ தனிப்பாடம். நம்மூர் நினைப்பில் பாலைச் சுடவைத்து, கப்புக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கிளம்பினேன். நல்லவேளை, சர்க்கரை நோயாளியிடம் போகுமுன் டிரேயைப் பிடுங்கிக்கொண்டார். கட்டிலுக்கு மேலே இருக்கும் பலகையை முதலில் படி, விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கெட்டியாக்கும் பொடி கலக்காமல் தண்ணீர்கூடக் கொடுக்காதே என்றார், கொஞ்சம் கோபமாகவே. சரியான கோபம்தான்.

பிரிட்டனில் படித்து நர்ஸாகப் பதிவு பெற 2,300 மணி நேரப் பயிற்சி வேண்டும். நான் உருப்படியாகக் கற்றதில் பாதி அவருடன் நின்ற இரவுகளில்தான்.

அங்கே கையில் வாட்ச் கட்டக்கூடாது. கடைசி நாளில், சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் அவருடைய பழைய கடிகாரத்தைக் கொடுத்தார் அக்கா. இன்னும் ஓடுகிறது, நான்கு நிமிடம் வேகமாக.