பூஜ்யமாக வரும் கொசுப்புழு அறிக்கை: நகராட்சி ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு நகராட்சி ஆணையர்களுக்கும் பேரூராட்சிச் செயல் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் சுகாதாரப் பிரிவு வாரந்தோறும் மாவட்டத்துக்கு அனுப்பும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு அறிக்கையைப் பற்றி எழுதுகிறோம். நோய் பரப்பும் பூச்சிகளை ஆய்வு செய்யும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். பல ஊர்களிலிருந்து வார்டு வாரியாகப் பூஜ்யம், பூஜ்யம், அரை சதவீதம் என்றே எண்கள் வருகின்றன. அதே வார்டுகளிலிருந்து டெங்கு நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் புதுச்சேரியில் இயங்குகிறது. கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியாவின் பி-17 என்ற வகையைப் பிரித்தெடுத்து, தொழிற்சாலையில் தயாரிக்கும் அளவுக்குக் கொண்டுவந்தது அந்த மையம்தான். மாநிலப் பொது சுகாதாரத் துறையின் பூச்சியியல் நிறுவனம் ஓசூரில் இருக்கிறது. ரத்த மாதிரிக்குக் கிண்டி கிங் நிறுவனம் இருக்கிறது. இவற்றில் எதற்கும் உங்கள் வார்டுத் தொட்டிக்குள் கண் கிடையாது. கணிப்பு, மருந்துப் பரிந்துரை எல்லாமே தெருவில் எழுதப்படும் அந்த ஒற்றைத் தாளிலிருந்துதான் தொடங்குகின்றன.

பூஜ்யம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். வீட்டுக் குறியீடு என்பது பார்த்த நூறு வீடுகளில் புழு இருந்த வீடுகள் எத்தனை என்பது. பிரட்டோ குறியீடு என்பது நூறு வீடுகளுக்குப் புழு இருந்த பாத்திரங்கள் எத்தனை என்பது. பூட்டிய வீடுகளையும் 'பார்த்த வீடு' கணக்கில் சேர்த்தால் இரண்டும் தானாகவே இறங்கும். முன்வாசலோடு திரும்பினாலும் இறங்கும். இதைவிடப் பெரிய காரணம், புழுவை அழிப்பவரும் எண்ணுபவரும் ஒரே ஆளாக இருப்பது. புழு இருப்பதாக எழுதினால், "போன வாரம் என்ன செய்தாய்?" என்று மேற்பார்வையாளர் கேட்பார். மெமோ வரும். தினக்கூலிக்கு வேலை பார்க்கும் கொசு ஒழிப்புப் பணியாளர் பிறகு ஏன் எழுதப் போகிறார்? அவரிடம் நமக்குக் குறையில்லை. எழுதினால் தண்டனை என்ற ஏற்பாட்டில்தான் குறை.

பார்க்கும் முறையிலும் பிழை உண்டு. நிழல் பட்டாலோ தண்ணீர் அசைந்தாலோ ஏடிஸ் புழு அடியில் இறங்கிவிடும். மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்த்து, "இல்லை" என்று நகர்ந்தால் பாதிக்கு மேல் தப்பிவிடும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் புழுக்கள் மூச்சு விட மேலே வரும். பெரிய சிமெண்ட் தொட்டியில் கரண்டியால் மொண்டு பார்ப்பதைவிட, சிறு வலையைச் சுவரோரமாகச் சுற்றி இழுத்து, வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்ப்பதே சரி. ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மொட்டைமாடித் தொட்டி, பயன்படுத்தாத ஆட்டுக்கல், கட்டுமான இடத்துத் தண்ணீர்த்தொட்டி ஆகிய நான்கும் எப்போதும் விடுபடுபவை. கன்னியாகுமரிப் பக்கம் இவற்றோடு ரப்பர் பால் கிண்ணமும் சேரும்.

எண்ண வேண்டியது எது என்பதிலும் ஒரு திருத்தம் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு தெருவில் பத்துக் கொட்டாங்குச்சிகளிலும் இரண்டு பிளாஸ்டிக் டிரம்களிலும் புழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். படிவத்தில் அது 12 பாத்திரம். ஆனால் கொசுவாகப் பறக்கப்போகிறவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டு டிரம்களிலிருந்தே வரக்கூடும். இதைக் காட்டுவது கூட்டுப்புழு, அதாவது புழு கொசுவாவதற்கு முந்தைய கடைசி நிலை. கமா வடிவில் இருக்கும், தொட்டால் உருண்டு ஓடும், இரண்டு நாளில் கொசுவாகிவிடும். கூட்டுப்புழுவை மட்டும் பாத்திரவாரியாக எண்ணி எழுத ஒரு பத்தி சேருங்கள். எந்த வகைப் பாத்திரத்துக்கு ஆளை அனுப்ப வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை குடிநீர் வரும் பகுதிகளில் விடை பெரும்பாலும் டிரம்மாகத்தான் இருக்கும். அங்கே கொட்டாங்குச்சி பொறுக்கும் முகாம் புகைப்படத்துக்கு உதவும், அவ்வளவே. சிங்கப்பூரில் வீட்டுக் குறியீடு 2 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தபோதே 1990களில் டெங்கு மீண்டும் பெருகியது. குறைந்த குறியீட்டை மட்டும் நம்பி உட்கார முடியாது.

அடுத்தது, புழுவைக் கொல்லத் தொட்டி நீரில் ஊற்றும் அபேட் மருந்து. 50 சதவீத டெமிபாஸ், 1,000 லிட்டர் நீருக்கு 2 மில்லி. அதாவது 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 200 லிட்டர் டிரம்முக்கு 0.4 மில்லிதான் வருகிறது. அதை யாரும் தெருவில் நின்று அளக்க முடியாது. ஆகவே 20 மில்லி மருந்தைத் தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்கி, அந்தக் கரைசலில் 100 லிட்டர் நீருக்கு 10 மில்லி என்று அளந்து ஊற்றச் சொல்லுங்கள். டிரம்முக்கு 20 மில்லி. ஆளுக்கொரு அளவுக் கோப்பை கொடுங்கள். பாட்டில் மூடியால் ஊற்றுவது அளவு ஆகாது. காலையில் கலந்த கரைசலை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. மருந்து வாடை பிடிக்காமல், பணியாளர் தெரு திரும்பியதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்துவைக்கும் வீடுகள் நிறைய. அங்கே மருந்தைவிட, வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து உட்சுவரை நார் போட்டுத் தேய்ப்பதே பலன் தரும். முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் ஏறியதும் பொரியும். தேய்க்காமல் கொட்டி நிரப்பினால் அதே முட்டைகள்தான் திரும்பப் பொரிகின்றன.

மருந்து ஊற்றிய மறுநாளும் புழு இருந்தால் "மருந்து கேட்கவில்லை" என்று உடனே எழுதிவிடுகிறார்கள். முதலில் அவை கூட்டுப்புழுவா என்று பாருங்கள். கூட்டுப்புழு உணவு உண்பதில்லை, பி.டி.ஐ. அதை ஒன்றும் செய்யாது, அபேட்டும் அநேகமாக அப்படியே. பிறகு அளவையும், தண்ணீர் மாற்றப்பட்டதா என்பதையும் பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் இருந்தால் மாதிரி அனுப்புங்கள். புழு மருந்தைத் தாங்குகிறதா என்று பார்க்கும் எதிர்ப்புத்திறன் சோதனைக்கு, மருந்தின் ஒரு செறிவில் 25 புழு வீதம் நான்கு கோப்பை, மருந்தில்லாத ஒப்பீட்டுக்கு இரண்டு கோப்பை. ஆக 150 புழு. வழியில் சாவதற்கும் சேர்த்து 200 வேண்டும். புழு வளரும் நான்கு பருவங்களில் மூன்றாம் பருவத்தின் கடைசி, நான்காம் பருவத்தின் தொடக்கத்தில் உள்ளவை தேவை. மருந்து படாத பாத்திரத்திலிருந்து, அதே நீரோடு, பாட்டிலில் பாதிக்கு மேல் நிரப்பாமல், வெயில் படாமல் அன்றே அனுப்புங்கள். நெரிசலில் நலிந்த புழு ஒப்பீட்டுக் கோப்பையிலேயே சாகும். அங்கே 20 சதவீதத்துக்கு மேல் செத்தால் சோதனை முழுவதையும் தள்ளிவிட வேண்டியதுதான். எந்த இனம் என்று பார்க்க மட்டும் என்றால் 70 சதவீத ஆல்கஹாலில் இட்ட புழு போதும். லேபிளைப் பென்சிலால் எழுதி பாட்டிலுக்குள் போடுங்கள். ஆல்கஹால் பட்டால் பேனா மை அழிந்துவிடும்.

நோயாளிப் பட்டியலில் காய்ச்சல் தொடங்கிய தேதி இல்லாமல் வருவது இன்னொரு தொல்லை. டெங்கு ரத்தப் பரிசோதனையில் முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 (வைரஸின் புரதம்), அதன் பிறகு ஐ.ஜி.எம். (உடலின் எதிர்ப்புப் புரதம்) என்பதால், தேதி இல்லாத முடிவை 'நெகட்டிவ்' என்று நம்ப முடியாது. முகவரியில் வீட்டை மட்டும் எழுதுகிறார்கள். ஏடிஸ் பகலில் கடிப்பது. பெரும்பாலும் 200 மீட்டருக்குள்ளேயே சுற்றுவது. பள்ளி, பட்டறை, கடை எதுவென்று எழுதாவிட்டால் ஒழிப்புப் பணி தவறான தெருவில் நடக்கும்.

புகை மருந்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இரவு ஏழு மணிக்கு, கதவெல்லாம் சாத்திய பிறகு, மெயின் ரோட்டில் வண்டி ஓடினால் வீட்டுக்குள் துணி மறைவில் உட்கார்ந்திருக்கும் ஏடிஸுக்கு அது எட்டாது. நோயாளியின் வீட்டுக்குள்ளும் சுற்று வீடுகளிலும் 2 சதவீத பைரித்ரம் என்ற பூச்சிக்கொல்லியை ஒரு பங்குக்கு 19 பங்கு மண்ணெண்ணெய் சேர்த்துத் தெளிப்பதே வேலைக்கு ஆகும்.

நாங்கள் உங்களிடம் கேட்பவை இவை. வார்டில் குலுக்கல் முறையில் தேர்ந்த வீடுகளை, அந்த வார்டில் வேலை செய்யாத வேறு இருவர் மாதம் ஒருமுறை பார்க்கட்டும். அவர்கள் தாளும் வழக்கமான தாளும் தனித்தனியாக மாவட்டப் பூச்சியியல் வல்லுநரிடம் போகட்டும். பூட்டிய வீடுகளுக்குத் தனிப் பத்தி வையுங்கள். புழு கண்டதற்காக யாருக்கும் மெமோ இல்லை என்று எழுத்தில் ஒரு சுற்றறிக்கை வேண்டும்; வாய்மொழியாகச் சொன்னதைப் பணியாளர்கள் நம்பமாட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் இதைத் தொடங்கினால் மழை இறங்குவதற்குள் ஒரு சுற்றுக் கணக்காவது கையில் இருக்கும். முதல் மாதம் குறியீடு ஏறும். அதைப் பார்த்துப் பதறி அறிக்கையை நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நோய்பரப்பும் பூச்சியியல் ஆய்வுப் பணியில் உள்ளோர்