டிலே பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து மட்டும் இன்னும் போகிறது. உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனி நீ எழுதும் கர்னல், அதாவது உன் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. கம்ப்யூட்டரையே சாஃப்ட்வேரில் நடித்துக் காட்டும் கியூஎமுவில் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கிறது, பழைய பென்டியம் மெஷினில் மட்டும் டிஸ்க்கே இல்லை என்கிறது என்றாய். எனக்குச் சந்தேகம் டிலேயின் மேல்தான், ஹார்டுவேர் பதில் சொல்ல நீ தரும் காத்திருப்பு நேரத்தின் மேல். கியூஎமுவில் இருப்பது சாஃப்ட்வேர் டிஸ்க். எந்த டிரைவ் வேண்டும் என்று சொல்லும் டிரைவ் செலக்டை எழுதிய கையோடு, அதன் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் தயாராக இருக்கும். பழைய ஐடிஇ வகை இணைப்பில் இருக்கும் நிஜ டிரைவுக்கு 400 நானோசெகண்ட் அவகாசம் தர வேண்டும். அவசரப்பட்டுப் படித்தால் பழைய ஸ்டேட்டஸ்தான் கிடைக்கும். அதே நிலையைக் காட்டும் இன்னொரு இடமான ஆல்டர்நேட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை நான்கு முறை படித்து அந்த மதிப்புகளை விட்டுவிடு, ஐந்தாவதை நம்பு. ஒரு ரீடுக்குச் சுமார் 100 நானோசெகண்ட் ஆகும் என்ற கணக்கு அது. சாதாரண ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை இதற்குத் தொடாதே. அதைப் படித்தாலே நிலுவையில் இருக்கும் இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிட டிரைவ் தரும் சிக்னல்) கிளியர் ஆகிவிடும், பிறகு இன்டரப்ட் ஏன் வரவில்லை என்று ராத்திரி முழுக்கத் தேடுவாய்.

நீ அந்த இடத்தில் போட்டிருப்பது, நேரம் கடத்தச் சும்மா சுற்றும் வெறும் ஃபார் லூப். ஆப்டிமைசேஷனை ஏற்றினால் கம்பைலர் அதைத் துடைத்துவிடும். கம்பைலர் கைவைக்காதபடி வாலடைல் என்ற சொல்லைப் போட்டுக் காப்பாற்றினாலும், அடுத்த மெஷினில் அதே லூப் வேறு நேரம் எடுக்கும். நாம் அந்தக் காலத்தில் புரோகிராம் எழுதிய டர்போ பாஸ்கலின் ரன்டைம் எரர் 200 நினைவிருக்கிறதா? அதன் டிலே ஃபங்ஷன் இருந்த சிஆர்டி யூனிட் தொடங்கும்போதே, 55 மில்லிசெகண்ட் டிக் ஒன்றில் எத்தனை லூப் ஓடுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும். 200 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் சிபியுக்கள் வந்ததும் விடை 16 பிட்டில் அடங்கவில்லை. புரோகிராமின் முதல் வரி ஓடும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம், மெஷின் வேகமானதாலேயே செத்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

லினக்ஸிலும் இப்படி ஒன்று உண்டு. பழைய சிப்களுக்கு மூச்சு விட நேரம் தர, ஹெக்ஸ் 80 என்ற எண்ணுள்ள போர்ட்டில் (ஹார்டுவேரோடு பேசும் முகவரி) சும்மா ஒரு பைட் எழுதுவார்கள். மெஷினைத் தொடக்கும் பயாஸ் தன் சோதனை எண்களான போஸ்ட் கோடுகளை அனுப்பும் போர்ட் அது, எழுதினால் யாருக்கும் தொந்தரவு இல்லை, சுமார் ஒரு மைக்ரோசெகண்ட் கழியும். வருஷக்கணக்கில் அது வேலை செய்தது. பிறகு சில லேப்டாப்கள் அந்தப் போர்ட்டில் எழுதினாலே உறைய ஆரம்பித்தன. 2008-ல் வந்த 2.6.25 கர்னலில்தான் வேறு போர்ட்டையோ, யுடிலே என்ற காத்திருப்பு ஃபங்ஷனையோ பூட் செய்யும்போதே தேர்ந்தெடுக்க வழி வைத்தார்கள்.

அதனால் முடிந்த இடத்திலெல்லாம் ஹார்டுவேரையே கேள். கீபோர்டு கண்ட்ரோலருக்கு எழுதும் முன் ஹெக்ஸ் 64 போர்ட்டில் பிட் 1 பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டதா பார். அதற்கும் ஒரு டைம்அவுட் வை, இல்லாத சிப்புக்காகக் கர்னல் காலம் முழுக்கக் காத்திருக்கக் கூடாது. கேட்க வழியே இல்லாத இடத்தில் மட்டும் நேரத்தை அள. பிஐடி டைமர் எந்தப் பிசியிலும் 1.193182 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். அதை வைத்து, சிபியுவுக்குள்ளேயே ஓடும் கவுன்டரான டிஎஸ்சியை அளந்துகொண்டு உன் டிலே ஃபங்ஷனை எழுது. அடுத்து இரண்டாவது சிபியுவை எழுப்பப் போகிறாயே, அங்கே இது கட்டாயம் வேண்டும்: அதை ரீசெட் செய்யும் இனிட் சிக்னலை அனுப்பி 10 மில்லிசெகண்ட், பிறகு அதை ஓடச் சொல்லும் ஸ்டார்ட்அப் ஐபிஐ (ஒரு சிபியு இன்னொன்றுக்கு அனுப்பும் இன்டரப்ட்) முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 200 மைக்ரோசெகண்ட்.

இன்னொன்று. ஒவ்வொரு டிலேக்கும் பக்கத்தில், அது சிப்பின் எந்த டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பு) எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒரு கமென்ட் எழுதடா. காரணம் தெரியாத டிலேயை நீக்க யாருக்கும் தைரியம் வராது.

நான்கு ரீடைச் சேர்த்த பிறகும் டிஸ்க் வரவில்லை என்றால் சீரியல் போர்ட் லாகை அனுப்பு. ஸ்டேட்டஸ் ஹெக்ஸ் எஃப்எஃப் என்று வந்தால் அந்தப் பக்கம் பதில் சொல்ல டிரைவே இல்லை என்று அர்த்தம், டிலேயைக் குறை சொல்லாதே, கேபிளைப் பார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்