குட்டிக்கு அப்பா ஒருவர் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்க்கும் பாகன்களைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் ரகு, பொம்மி ஆகிய இரு குட்டிகளைப் பாகன் பொம்மனும் அவர் மனைவி பெள்ளியும் வளர்த்த கதை, அதைச் சொன்ன 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்துக்கு 2023-இல் ஆஸ்கர் விருது கிடைத்த பிறகு ஊரறிந்ததுதான். இருந்தும் மறுபடி வாசிக்கையில் கண் கலங்கவே செய்தது. ஆனால் கட்டுரை நெடுகப் பாகனை 'அப்பா' என்றே சொல்லியிருப்பதில் எனக்கு ஒரு சிறு மாறுபாடு உண்டு.

யானைக் கூட்டத்தில் அப்பாவுக்கு வேலை கிடையாது. கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை. குட்டியைச் சுற்றி நிற்பவர்கள் தாய், பாட்டி, பெரியம்மா, சித்தி, அக்கா என்று பெண்களே. களிறு இணைசேர்ந்த பின் தன் வழியே போய்விடும். ஆண் குட்டியும் பருவம் வந்ததும் கூட்டத்தைவிட்டு விலகிவிடும். ஆக, ஒரு வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து செய்கிற வேலையைத்தான் காக்கிச் சட்டை போட்ட ஒரு பாகனின் தலையிலோ, காவடி எனப்படும் அவருடைய உதவியாளரின் தலையிலோ நாம் ஏற்றி வைத்திருக்கிறோம். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். யார் இடத்தில் அந்த மனிதர் நிற்கிறார் என்பது தெளிந்தால்தான் அவருக்கு என்ன துணை வேண்டும் என்பதும் தெளியும்.

பல ஆண்டுகளுக்கு முன், முகாம் ஒன்றில் ஒரு குட்டியைச் சில நாள் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதை வளர்த்த காவடி, உறவினர் இறப்புக்காக இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தார். மாற்றாள் பால் புட்டியை நீட்டியபோதெல்லாம் குட்டி வாயைத் திருப்பிக்கொண்டு, கரால் எனப்படும் மரக்கூண்டின் தூண்களுக்கு இடையே தும்பிக்கையை நீட்டி வழியையே துழாவிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தக் காவடியின் துவைக்காத சட்டை ஒன்றைத் தேடி எடுத்து, மாற்றாள் தன் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குட்டி அதை வெகுநேரம் முகர்ந்தது. பிறகு தும்பிக்கையைத் தூக்கி அவர் கழுத்தோரம் வைத்துக்கொண்டு குடித்தது, அதுவும் பாதிப் புட்டிதான். மூன்றாம் நாள் காலை திரும்பிய காவடி நேரே கராலுக்குத்தான் வந்தார். வீட்டில் துக்கம் என்று அவரைப் பார்த்துச் சொல்லவே முடியவில்லை, அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று அதை அன்பின் பெருமையாகவே நினைத்தேன். அதற்குள் இருக்கும் ஆபத்து பிற்பாடுதான் புரிந்தது. கென்யாவில் தாயற்ற குட்டிகளை வளர்த்த டாஃப்னி ஷெல்ட்ரிக் அம்மையார், பசும்பாலின் கொழுப்பு யானைக்குட்டிக்குச் செரிக்காது என்று கண்டு, பல ஆண்டுகள் முயன்று தேங்காய் எண்ணெய் சேர்ந்த கலவையில் விடை கண்டவர். அந்தப் பாலில் தேறி வந்த ஆயிஷா என்ற குட்டி, அவர் மகளின் திருமணத்துக்காகச் சில நாள் பிரிந்து சென்றபோது ஏக்கத்தில் உண்ணாமல் இறந்துபோனது. அதிலிருந்து அவர் கற்ற பாடம், நைரோபியில் உள்ள அவருடைய குட்டிகள் காப்பகத்தில் இன்றும் நடைமுறையில் உள்ளது. அங்கே குட்டியோடு இரவில் ஒரே கொட்டகையில் பராமரிப்பாளர் படுக்கிறார். ஆனால் படுப்பவர் இரவுக்கு இரவு மாறுகிறார். எவர் ஒருவர் விடுப்பில் போனாலும் குட்டி அநாதையாவதில்லை. பால் கொடுக்கும்போது தாயின் வயிறு போலத் தோன்றும்படி ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு, அதன்மேல் குட்டி தும்பிக்கையைச் சாய்த்துக்கொள்ள விடுகிறார்கள். வளர்ந்தபின் அவை கென்யாவின் சாவோ காட்டுக்குத் திரும்புகின்றன.

இலங்கையின் உடவளவையில் 1995 முதல் இயங்கும் இல்லத்தில் இதற்கு நேர்மாறாக, குட்டிகளை மனிதர் தொடுவதையே இயன்றவரை தவிர்த்து, பாலூட்டி வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள். காட்டுக்கே போகப்போகிற குட்டிக்கு அது சரி. நம் முகாமில் சேரும் குட்டியோ பெரும்பாலும் ஆயுள் முழுதும் மனிதரோடுதான் வாழப்போகிறது. அதனால்தான் கை மாறும் தருணம் இங்கே இன்னும் கவனத்துக்குரியது. ரகு வளர்ந்ததும் வேறொரு பாகனிடம் ஒப்படைக்கப்பட்டதை நாம் திரையில் பார்த்தோம். அதற்கு நிர்வாகக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்தத் தம்பதியின் முகத்தைப் பார்த்த எவருக்கும் அது ஒரு கோப்பு நகர்வாகத் தோன்றியிருக்காது.

விருதுக்குப் பிறகு தமிழக அரசு தெப்பக்காடு, ஆனைமலை ஆகிய இரு முகாம்களின் பாகன்கள், காவடிகள் 91 பேருக்கும் தலா 1 லட்சம் ரூபாய் வழங்கியதும், பெள்ளியைக் காவடியாகப் பணியமர்த்தியதும் பாராட்டத்தக்கவை. என் கோரிக்கை அதற்கு அடுத்த படி. குட்டி முகாமுக்கு வந்த முதல் நாளிலிருந்தே மூன்று பேரையாவது அதனிடம் பழக்க வேண்டும். அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்கலாம். கை மாற்ற வேண்டி வந்தால், புதியவர் சில மாதங்கள் பழையவரோடு கூடவே இருக்க வேண்டும். இரவுப் பாலுக்கு எழுபவருக்கு மறுநாள் பகல் ஓய்வு, எழுத்தில் உத்தரவாக இருக்க வேண்டும்.

குட்டிகள் வருவது நிற்கப்போவதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட குட்டி, தெப்பக்காட்டுக்கு வந்து அம்மாத இறுதியிலேயே இறந்தது. 2024 ஜூனில் மருதமலை அடிவாரத்தில் தாய் நோயுற்றதால் பிரிந்த குட்டியை வேறு எந்தக் கூட்டமும் சேர்த்துக்கொள்ளாததால், அதுவும் அங்கேதான் அனுப்பப்பட்டது.

தங்கள் செய்தியாளர் அடுத்த முறை முகாமுக்குச் செல்கையில், யானைகளுக்கு ராகிக் களி ஊட்டுவதைச் சுற்றுலாப் பயணிகள் வேடிக்கை பார்க்கும் நேரத்தைத் தவிர்த்து, வனத்துறை அனுமதித்தால், இரவு இரண்டு மணிப் பாலுக்குப் போய்ப் பார்க்கட்டும். புட்டியைக் கழுவுகிறவர் யார், அவர் எப்போது தூங்கினார் என்பதையும் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.