உன் சொல்லை மீறிவிட்டேன்

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

நலம். ஆத்தாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். ஐந்து மாதமாக நான் எழுதாததற்குச் சோம்பல் காரணமன்று, பயம்தான். 2015இல் நாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு பகல் முழுக்க அலைந்து வாங்கி, பல்லவன் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, எங்கள் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து பாகம் பாகமாகப் பூட்டிய அந்தக் கணினிக்கு நான் ஓய்வு கொடுத்துவிட்டேன். அதன் இடத்தில் புதியது ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. திட்டுவதை இந்தக் கடிதத்தை முழுவதும் படித்த பிறகு வைத்துக்கொள்.

புதியது வேண்டாம், ராமும் எஸ்எஸ்டியும் போட்டால் போதும் என்ற உன் வைத்தியத்தைத்தான் முதலில் செய்தேன். பழைய டிடிஆர்3 வகை ராம் எட்டு ஜிபி தேடிப் பிடித்துப் போட்டேன், ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டியும் மாட்டினேன். விண்டோஸ் சட்டென்று எழுந்தது, அந்தப் பெருமை உனக்கே. ஆனால் பையனும் நானும் ஆடும் கார்ப் பந்தயம் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கியது. சரி, கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டால் தீர்ந்தது என்று ஆர்எக்ஸ் 6600ஐப் பார்த்து வைத்தேன். அங்கேதான் வினை தொடங்கியது. அந்தக் கார்டுக்கு எட்டுப் பின் மின்னிணைப்பு வேண்டும்; நாம் கேபினெட்டோடு இலவசமாக வாங்கிய, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினாலும், நம் எச்81 மதர்போர்டின் கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐஇ 2.0 என்ற பழைய வேகத்தைத் தாண்டாது. எட்டுத் தடங்களை மட்டும் பயன்படுத்தும் அந்தக் கார்டுக்கு உரிய பாதையில் கால் பங்குதான் திறந்திருக்கும். அதையும் பொறுத்துக்கொண்டாலும், நான்கே கோர் கொண்ட நம் ஐ5-4460 பிராசசர் கார்டுக்கு வேலை கொடுக்கத் திணறும். பிராசசர் உட்காரும் அந்த சாக்கெட்டில் மிஞ்சிப்போனால் பழைய ஐ7-4790 போடலாம், அதோடு வழி முடிந்தது. விண்டோஸ் 11 அந்தத் தலைமுறை பிராசசர்களை ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

எங்கள் இரண்டாங்கட்டில் ஒழுகிய கூரை ஓடுகளை மாற்றப்போய், ரீப்பர் உளுத்திருப்பது தெரிந்து, பிறகு உத்தரம் வரை போன கதை உனக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு அதைச் செய்யலாம், பர்மாத் தேக்கு இன்னும் நூறு வருடம் நிற்கும். கணினிக்கு அப்படி இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: கார்டை விட்டுவிட்டு மற்ற பழுதுகளுக்கு மட்டும் ஏறக்குறைய 11,000 ரூபாய் ஆகும், அதில் எஸ்எம்பிஎஸ் தவிர வேறெதுவும் அடுத்த கணினிக்கு உதவாது.

ஆகவே புதிதாகவே பூட்டினேன். ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, எட்டு எட்டாக 16 ஜிபி ராம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அந்த ஆர்எக்ஸ் 6600, வெண்கலத் தரச் சான்றுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ். இந்தப் பிராசசரின் ஏஎம்4 சாக்கெட்டும் பழையதுதானே, ஏஎம்5 வாங்கியிருக்கலாமே என்று நீ கேட்பாய். அதற்கு டிடிஆர்5 ராம் கட்டாயம். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரியையெல்லாம் அள்ளிக்கொண்டு போவதால் ராம் விற்கும் விலையில், எனக்கு டிடிஆர்4 வாங்கவே கை நடுங்கியது. மொத்தம் 57,000 ஆயிற்று. அதில் பெரும் பங்கைக் கார்டுக்கே கொடுத்தேன்; கேபினெட்டில் வண்ண விளக்கு வேண்டும் என்று பையன் அழுததற்கு அசையவில்லை.

பூட்டி முடித்து சுவிட்சைப் போட்டால் மின்விசிறிகள் சுழன்றன, திரை இருட்டாகவே இருந்தது. ஒரு மணி நேரம் ராமைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் பையன்தான் கண்டுபிடித்தான்: எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறேன். அந்தப் பிராசசருக்கு உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது என்று அவனுக்கு வகுப்பெடுத்தவன் நானேதான். வள்ளியப்பனிடம் சொல்லிவிடாதே.

விளையாட்டாக எழுதிவிட்டேன், ஆனால் ஒன்றை நீ கவனமாகக் கேட்க வேண்டும். பழைய கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறுமே, நீகூட "உங்கள் ஐயா தொட்டுப் பார்க்கிறார்" என்பாயே, புதிய கேபினெட்டிலும் அதே சுருசுருப்பு இருந்தது. எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்தால், அந்த மூன்று பின் பிளக் பாயிண்டின் எர்த் துளையில் கம்பியே இல்லை. எஸ்எம்பிஎஸ் கசியவிடும் சிறு மின்சாரம் போக வழியில்லாமல் தகட்டிலேயே நின்றிருக்கிறது. உள்ளே ஏதாவது பழுதாகி முழு மின்சாரமும் தகட்டில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது அன்றிரவு தூக்கம் வரவில்லை. பையன் பத்து வருடமாக அங்கேதான் வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல் தரையில் நின்று வளர்ந்தான். மறுநாளே கிணற்றடியில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, எர்த் இழுத்தாயிற்று. தேவகோட்டையில் உங்கள் வீடும் அந்தக் காலத்து வயரிங்தான். தயவுசெய்து பார்க்கச் சொல்.

பழைய கணினியை விற்கவில்லை. லினக்ஸ் மின்ட் போட்டு, அக்காள் மகள் தட்டச்சு பழகக் கொடுத்திருக்கிறேன். அதன் ஹார்டு டிஸ்க் மட்டும் டக் டக்கென்று ஓசை எழுப்பியதால், உள்ளே இருந்தவற்றை இரண்டு நாள் பொறுமையாகப் புதியதற்கு மாற்றினேன். அப்பச்சியின் மணிவிழா வீடியோ தப்பித்தது. அதில் ஓர் இடத்தில் அவர் மாலையும் கழுத்துமாக எழுந்து, "சொக்கு சாப்பிட்டானா?" என்று கேட்கிறார். நீ கேட்டிருக்க மாட்டாய், பந்தியில் இருந்திருப்பாய்.

பென்டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மனமில்லை, நீயே வந்து வாங்கிக்கொள். வரும்போது வள்ளியப்பனிடமிருந்து என் ஸ்குரூ டிரைவரையும் பிடுங்கி வா. இந்த முறையும் ஆத்தாவின் காய் நறுக்கும் கத்தி முனையால்தான் பூட்டினேன்.

அன்புடன்,
அண்ணாமலை